எறியும் தோலில் ஓர் அருட்கொடை



திருமறையின் ஆறாம் அத்தியாயமாகிய அல்அன்ஆமின் 141ஆம் வசனத்தை நாம் பலமுறை ஓதியிருப்போம். தோட்டங்களையும், பேரீச்சையையும், பல சுவைப் பயிர்களையும், ஒலிவத்தையும், மாதுளையையும் படைத்தவன் தானே என்று எடுத்துரைக்கும் இறைவன், அதே வசனத்தில் நமக்கு மூன்று கடமைகளை அடுக்கி வைக்கின்றான். கனிந்ததை உண்பது ஒன்று. அறுவடை நாளில் அதற்குரிய பங்கை உரியவருக்குக் கொடுப்பது மற்றொன்று. வீண்விரயம் செய்யாதிருப்பது மூன்றாவது. உண்ணுவதில் நாம் குறை வைப்பதில்லை. மற்ற இரண்டையும் எந்த அளவுக்கு நினைத்துப் பார்க்கிறோம்?

மாதுளையை உரித்து முத்துகளைத் தின்றபின் தோல் குப்பைக்குப் போகிறது. மாம்பழத்தின் தோலும் கொட்டையும் அப்படியே. குற்றாலச் சீசனில் வாங்கி வரும் மங்குஸ்தானில் நாம் உண்பது உள்ளேயிருக்கும் வெண்சுளையை மட்டுமே. பழத்தின் எடையில் பாதிக்கும் மேலான கனத்த ஓடு வீதிக்குத்தான் வருகிறது. இவ்வாறு நாம் எறியும் தோலிலும் ஓட்டிலும் கொட்டையிலுமே 'ஆன்டி ஆக்சிடன்ட்' எனப்படும் சத்துகள் மிகுந்திருக்கின்றன என்று அறிவியல் அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். அவற்றைப் பிரித்தெடுத்து மாத்திரையாகவும் பொடியாகவும் சாறாகவும் விற்கும் வணிகமும் பெருகியிருக்கிறது.

இச்சத்து என்ன? அதை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? அது நமக்கு ஆகுமானதா? விளம்பரங்கள் சொல்வதுபோல் அது நோய்களைத் தீர்க்குமா? நம் இல்லங்களில் பணமும், உடல்நலமும், ஈமானின் பேணுதலும் ஒருங்கே சம்பந்தப்பட்ட கேள்விகள் இவை. ஆகவே பொறுமையுடன் சிறிது ஆராய்வோம்.

துருவும் கறுப்பும்

சமையலறையில் இருந்தே தொடங்குவோம். நறுக்கிய வாழைக்காயையும் கத்தரிக்காயையும் வெறுமே வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகின்றன. அதனால்தான் நம் தாய்மார்கள் நறுக்கும்போதே தண்ணீரில் போடுகிறார்கள். நறுக்கிய ஆப்பிளின் மீது எலுமிச்சைச் சாறு தடவினால் அது நிறம் மாறாதிருக்கிறது. வெளியில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. திறந்து வைத்த எண்ணெயில் நாளடைவில் சிக்கு வாடை வீசுகிறது. பார்வைக்கு வெவ்வேறாகத் தோன்றும் இந்நிகழ்ச்சிகள் அனைத்திற்கும் காற்றிலுள்ள பிராணவாயுவே காரணம். இச்செயலுக்கு ஆக்ஸிஜனேற்றம் என்று பெயர்.

நம்மை வாழ வைக்கும் பிராணவாயு இல்லாமல் ஒரு நிமிடமும் நாம் இருக்க முடியாது. ஆயினும் உண்ட உணவை உடல் எரித்துச் சக்தியாக்கும்போது, அடுப்பில் தெறிக்கும் பொறிகளைப் போல, நிலையற்ற சில துகள்கள் தோன்றுகின்றன. தம்மிடம் குறைந்துபோன ஓர் எலக்ட்ரானை அடுத்த பொருளிடமிருந்து அவை பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது தனக்கு அடுத்ததைப் பறிக்கும். சங்கிலிபோல் நீளும் இப்பறிப்பை இடையில் நிறுத்துவதற்கு, தன்னிடமிருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டும் தான் நிலைகுலையாமல் நிற்கும் ஒரு பொருள் வேண்டும். அவ்வாறு நிற்பதே ஆன்டி ஆக்சிடன்ட். தமிழில் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்பர்.

நல்லெண்ணெய் ஏனைய எண்ணெய்களைவிட நெடுநாள் கெடாதிருப்பதை அறிவோம். ஊறுகாய்க்கு அதையே தேர்ந்தெடுத்தார்கள் நம் முன்னோர். எள்ளில் இயல்பாக அமைந்துள்ள தடுப்பான்களே அதற்குக் காரணம். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி மற்றொரு தடுப்பான். அதை 1928ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜி. விலங்குகளின் சுரப்பியிலிருந்து சிறிதளவே எடுக்க முடிந்த அப்பொருளைப் பின்னர் தம் நாட்டில் ஏராளமாக விளையும் ஒருவகை மிளகாயிலிருந்து அவர் பெருமளவில் எடுத்தார். 1937இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தோலில் ஏன்?

சுளையைவிடத் தோலில் இச்சத்து மிகுந்திருப்பானேன்? ஒரு மரம் ஓரிடத்தில் நிற்பது. கடும் வெயிலிலிருந்தும், பூச்சியிடமிருந்தும், பூஞ்சையிடமிருந்தும் அதனால் ஓடி ஒளிய முடியாது. இவற்றை முதலில் எதிர்கொள்வது பழத்தின் புறத்தோல். எனவே காவலுக்குரிய பொருள்களை வல்ல இறைவன் அங்கேயே வைத்திருக்கின்றான். தோலின் துவர்ப்பும், கசப்பும், அழுத்தமான நிறமும் பெரும்பாலும் இக்காவலர்களின் அடையாளமே. வெப்ப நாடுகளின் பழங்கள் பலவற்றில் தோல் இத்துணை துவர்ப்பதன் பொருள் இதுதான்.

மங்குஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் மண்ணுக்கு உரிய மரம் இது. கப்பலேறிப் பினாங்குக்கும் கெடாவுக்கும் வணிகம் செய்யச் சென்ற நம்மவர்களுக்கு இது நன்கு பழக்கமான கனி. தமிழகத்தில் நீலகிரி மலைச்சரிவிலுள்ள பர்லியாறு, கல்லாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் குற்றாலப் பகுதியிலும் விளைகிறது. பழத்தின் அடியில் பூ வடிவில் எத்தனை இதழ்கள் தெரிகின்றனவோ அத்தனை சுளைகளே உள்ளே இருக்கும். ஓட்டை உடைக்காமலேயே எண்ணிச் சொல்லிவிடலாம். படைத்தவனின் கணக்கில் பிசகில்லை.

இதன் ஓட்டைக் காய்ச்சி வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் கொடுப்பதும், புண்ணுக்குத் தடவுவதும் அந்நாடுகளின் பழைய வைத்தியம். இவ்வோட்டிலிருந்து மஞ்சள் நிறப் பொருளொன்றை 1855இல் ஷ்மிட் என்னும் ஜெர்மானிய வேதியியலார் பிரித்தெடுத்து, அதற்கு 'மங்கோஸ்டின்' எனப் பெயரிட்டார். இவ்வகைப் பொருள்களுக்கு 'சாந்தோன்' என்பது பொதுப்பெயர். மஞ்சள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

மாதுளைத் தோலில் இருப்பது 'பியூனிகலாஜின்' என்ற துவர்ப்புச் சத்து. வயிற்றுப்போக்குக்கு மாதுளை ஓட்டைக் காய்ச்சிக் கொடுத்த பாட்டிமார்களும், அதே ஓட்டைக்கொண்டு தோல் பதனிட்டவர்களும், நூலுக்குச் சாயமேற்றியவர்களும் பெயரறியாமலேயே இச்சத்தைப் பயன்படுத்தியவர்கள்தாம். முத்துகளை மட்டும் பிழிந்த சாற்றைவிட, முழுப் பழத்தையும் தோலோடு அழுத்திப் பிழிந்த சாற்றில் இச்சத்து மிகுதி என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. மாம்பழத்தின் தோலிலும் பருப்பிலும் 'மாஞ்சிஃபெரின்' முதலிய பொருள்கள் உள்ளன.

பிரித்தெடுக்கும் முறை

தேயிலையை வெந்நீரில் போடுகிறோம். நிறமும் மணமும் துவர்ப்பும் நீரில் இறங்குகின்றன. சக்கையை வடிகட்டி எறிகிறோம். பிரித்தெடுத்தல் என்பது அடிப்படையில் இவ்வளவே. தொழிற்சாலையில் இதனையே அளவறிந்து, சூடறிந்து செய்கிறார்கள்.

முதலில் தோலைக் கழுவி, நீராவியிலோ வெந்நீரிலோ சிறிது நேரம் காட்டுவர். நறுக்கிய வாழைக்காயைக் கறுக்கச் செய்யும் நொதிப் பொருள் தோலிலும் உண்டு. அது செயலிழந்தால்தான் சத்து வீணாகாது. பிறகு மிதமான சூட்டில் உலர்த்துவர். சூடு மிகுந்தால் காக்க வந்த பொருளே கருகிவிடும். உலர்ந்ததை அரைத்துப் பொடியாக்கி, கரைப்பானில் ஊறவைப்பர். கரைப்பான் என்பது சத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் திரவம். ஊறியபின் வடிகட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்தில் குறைந்த சூட்டிலேயே கரைப்பானை ஆவியாக்கி விலக்குவர். எஞ்சும் குழம்பை உலர்த்தினால் பொடி கிடைக்கும்.

எந்தக் கரைப்பான் என்பதே இங்கு முக்கியம். மாதுளைத் தோலின் சத்து நீரிலேயே நன்கு இறங்கும். மங்குஸ்தான் ஓட்டின் சாந்தோன்களோ நீரில் கரையமாட்டா. எத்தனால் என்னும் ஆல்கஹாலில் கரையும். ஆகவே தொழிற்சாலைகள் பலவும் எத்தனாலையோ, எத்தனாலும் நீரும் சேர்ந்த கலவையையோ பயன்படுத்துகின்றன. நீர் தோலின் நுண்ணறைகளை ஊதச் செய்து வழி திறக்கிறது. எத்தனால் உள்ளே புகுந்து சத்தைக் கரைத்து வருகிறது. 78 பாகை சூட்டில் கொதிக்கும் எத்தனாலை நீரைக் காட்டிலும் எளிதாக ஆவியாக்கி மீட்டு மறுபடியும் பயன்படுத்தலாம் என்பதும் அதை நாடுவதற்கு ஒரு காரணம்.

வேறு வழிகளும் உள்ளன. கரியமில வாயுவை 31 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலும், நாம் சுவாசிக்கும் காற்றைப்போல் 73 மடங்குக்கும் மேலான அழுத்தத்திலும் வைத்தால், அது வாயுவுமன்றித் திரவமுமன்றி இடைப்பட்ட ஒரு நிலையை அடைந்து பொருள்களைக் கரைக்கும். அழுத்தத்தை நீக்கியதும் வாயுவாகிப் பறந்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களுக்கு இது சிறந்தது. துவர்ப்புச் சத்துகளுக்கு இதனோடும் சிறிது எத்தனால் சேர்க்க வேண்டியிருக்கிறது. மனிதர் செவிக்கு எட்டாத ஒலி அலைகளைச் செலுத்தி, நீரிலேயே விரைவாகச் சத்தை இறக்கும் முறையும் உண்டு.

நம்மவர் வளர்த்த கலை

வடித்தும் வாலையிலிட்டும் சத்தைப் பிரிக்கும் இக்கலை முஸ்லிம் அறிஞர்களுக்கு அந்நியமானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தீ, நறுமணப் பொருள்களை வாலையில் வடிக்கும் முறைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். ரய் நகரத்து மருத்துவ மேதை அர்ராஸீ, வடிகலங்களையும் உலைகளையும் வகைப்படுத்தி விளக்கினார். வாலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அலெம்பிக்' என்ற சொல், அரபியின் 'அல்அன்பீக்' என்பதன் திரிபே. நம் வீட்டு நிக்காஹ் விருந்தில் தெளிக்கும் பன்னீரும், ஜும்ஆவுக்குப் பூசிச் செல்லும் அத்தரும் அந்தக் கலையின் வழிவந்தவை.

'ஆல்கஹால்' என்ற சொல்லின் வரலாறும் வியப்புக்குரியது. கண்ணுக்கிடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல்குஹ்ல்' என்ற அரபுச் சொல்லே அதன் மூலம். மிக நுண்ணிய பொடி என்ற பொருளில் ஐரோப்பாவுக்குச் சென்ற அச்சொல், பிறகு வடித்தெடுத்த சாரத்தைக் குறித்து, இறுதியில் மதுவின் சாரத்துக்கே பெயராகிவிட்டது. சுர்மாவுக்கு உரிய பெயர் மதுவுக்குப் போய்ச் சேர்ந்தது காலத்தின் கோலம்!

இது ஆகுமானதா?

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் இந்த எளியவனிடம் பெற்றோர் பலர் இதையே கேட்கிறார்கள்: “எத்தனாலில் ஊறவைத்து எடுத்ததாமே ஹஜ்ரத், இதைச் சாப்பிடலாமா?” ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது முஃப்திகளின் பணி. கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு வேண்டிய செய்திகளை மட்டும் இங்கு வரிசைப்படுத்துகிறேன்.

மது விலக்கப்பட்டது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஐந்தாம் அத்தியாயத்தின் 90ஆம் வசனம் அதற்குப் போதுமான சான்று. எது மிகுதியாக அருந்தினால் போதை தருமோ அதில் சிறிதளவும் ஆகாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆனால் அருந்துவதற்கன்றி, ஒரு பொருளைக் கரைப்பதற்கு மட்டும் பயன்பட்டு, பின்னர் ஆவியாகி நீங்கிவிட்ட எத்தனால் பற்றி என்ன சொல்வது? இங்குதான் ஆய்வு தேவைப்படுகிறது.

நம் தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபையும், உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும் பின்பற்றுகிறோம். போதை தரும் திரவம் எதுவாயினும் அது நஜீஸ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கண்டிப்பான நிலை. திராட்சை, பேரீச்சையிலிருந்து வந்த மதுவுக்கும், ஏனைய பொருள்களிலிருந்து வடித்த ஆல்கஹாலுக்கும் வேறுபாடு காண்பது ஹனஃபி சட்ட நூல்களில் உள்ள ஒரு நிலை. அதனை அடிப்படையாகக் கொண்டு, மது அல்லாத தேவைகளுக்கு இரண்டாம் வகையைப் பயன்படுத்தலாம் என்று இக்கால அறிஞர்கள் சிலர் கூறியுள்ளார்கள். இந்தியாவில் தொழிலுக்குப் பயன்படும் எத்தனாலில் கணிசமான பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருவது என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபைப் பெரும்பான்மையாகப் பின்பற்றும் இரு நாடுகள் இதில் முடிவெடுத்துள்ளன. இந்தோனேசிய உலமாக்கள் பேரவை 2009இல் வெளியிட்ட ஃபத்வாவில், மதுத் தொழிலிலிருந்து வராத எத்தனாலை உணவு, மருந்து முதலியவற்றின் தயாரிப்பில் பயன்படுத்துவது, மருத்துவ ரீதியில் கேடில்லையாயின் ஆகுமானது என்று கூறியது. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2011 ஜூலையில் கூடி, சுவையூட்டி, நிறமூட்டி முதலியவற்றில் நிலைப்புக்காகச் சேர்க்கப்படும் ஆல்கஹால் மது வடிப்பிலிருந்து வந்ததாக இருக்கலாகாது, முடிவான உணவில் அது 0.5 விழுக்காட்டைத் தாண்டலாகாது, போதை தரலாகாது என்று வரையறுத்தது. நன்கு கனிந்த பழத்திலும் புளித்த மாவிலும் இயல்பாகவே மிகச் சிறிதளவு ஆல்கஹால் உண்டு என்பதை நோக்கும்போது, அளவு என்பதை அறிஞர்கள் ஏன் கருத்தில் கொண்டார்கள் என்பது விளங்கும்.

எனினும் நம் ஊர் ஆலிம்களின் வழிகாட்டுதலே நமக்கு முதன்மை. அவர்களிடம் செல்லும்போது மூன்று செய்திகளைக் கையில் கொண்டு செல்லுங்கள். கரைப்பான் எது? எத்தனால் எனில் அது எதிலிருந்து வந்தது? முடிந்த பொருளில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டால் இம்மூன்றையும் பெறலாம். பதில் தர மறுப்பவரின் பொருளை வாங்காதிருப்பதே பேணுதல்.

பலர் கவனிக்கத் தவறும் மற்றொன்று உண்டு. உள்ளேயிருக்கும் பொடியைப் பற்றிக் கேட்கிறோம். அதை அடைத்திருக்கும் கூட்டைப் பற்றிக் கேட்பதில்லை. குழாய் மாத்திரைகளின் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். தாவரப் பொருளால் ஆன கூடுகளும் சந்தையில் உள்ளன. உணவுப் பொட்டலத்தின் மீதுள்ள பச்சைப் புள்ளி, அது சைவ உணவு என்பதை மட்டுமே உணர்த்தும். ஆல்கஹாலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆகவே பச்சைப் புள்ளியை ஹலால் முத்திரையாகக் கருதிவிடலாகாது.

நோய் தீர்க்குமா?

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. சோதனைச் சாலையில் ஊதா நிறமுள்ள ஒரு கரைசலில் பழத்தோல் சாற்றை விட்டால் அது வெளிறி மஞ்சளாகும். சாற்றின் ஆற்றலை அளக்கும் எளிய முறை இது. ஆனால் குடுவையில் நிறம் மாறுவது வேறு. மனித உடலில் நோய் மாறுவது வேறு. மங்குஸ்தானின் சாந்தோன்களை நம் குடல் மிகச் சிறிதளவே ஈர்த்துக்கொள்கிறது. மாதுளைச் சத்தையோ குடலிலுள்ள நுண்ணுயிர்கள் வேறு பொருளாக்கியே அனுப்புகின்றன. அமெரிக்க அரசின் வேளாண்துறை, உணவுகளின் இந்த ஆற்றலை எண்களாகத் தொகுத்து வெளியிட்டு வந்தது. அவ்வெண்களுக்கும் மனித உடலில் விளையும் பயனுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதாலும், விளம்பரக்காரர்கள் அவற்றைத் தவறாகக் கையாண்டதாலும் 2012இல் அப்பட்டியலையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதைவிடப் பெரிய பாடம் பின்லாந்தில் கிடைத்தது. காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட அறிஞர்கள், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களின் நுரையீரல் காக்கப்படும் என எண்ணினர். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஆய்வு நடந்தது. 1994இல் முடிவு வெளிவந்தபோது உலகமே திகைத்தது. மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இத்தகைய மற்றோர் ஆய்வில், மாத்திரை உண்டவர்களிடம் இந்நோய் 28 விழுக்காடு மிகுதியாகக் காணப்படவே, 1996 ஜனவரியில் அது குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. இத்தகைய 78 ஆய்வுகளை, 2,96,707 பேரின் விவரங்களோடு ஒன்றுதிரட்டிப் பார்த்த 2012ஆம் ஆண்டின் அறிக்கை, ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகள் ஆயுளைக் கூட்டியதற்குச் சான்றில்லை என்று முடிவு கூறியது.

பழத்தில் நன்மை தந்தது மாத்திரையில் ஏன் தரவில்லை? பழத்தில் ஒரு சத்து தனியே வருவதில்லை. நாரும் நீரும், பலவகைச் சத்துகளும் ஒன்றுக்கொன்று அளவாக இணைந்து வருகின்றன. அதில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்துப் பன்மடங்காக்கிக் கொடுத்தால் அந்த அளவு குலைகிறது. அன்றியும் முன்னர்ச் சொன்ன நிலையற்ற துகள்கள் முற்றிலும் பகைவர்களல்ல. கிருமிகளைக் கொல்வதற்கு நம் உடலே அவற்றைப் பயன்படுத்துகிறது. படைத்தவன் ஒவ்வொன்றையும் அளவோடு அமைத்திருக்கின்றான் என்பதை உணர்ந்தவர்களுக்கு இது புதுமையன்று.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் இல்லங்களில் நடப்பதைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் யாரோ ஒருவர் ஒரு புட்டியைக் கொண்டு வருகிறார். பழத்தோலின் சாறு என்கிறார். பக்கவிளைவே இல்லை என்கிறார். குர்ஆனில் கூறப்பட்ட கனி என்று அதற்கு மார்க்கச் சாயமும் பூசுகிறார். நகை அடகுக்குப் போகிறது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாட்கள் கைநழுவுகின்றன. கனியைத் திருமறை குறிப்பிட்டிருப்பது உண்மை. அந்தப் புட்டியைத் திருமறை எங்கும் குறிப்பிடவில்லை! இறைவசனத்தை வியாபாரத்துக்கு விலையாக்குவோரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

சிகிச்சையோடு சேர்த்து உண்பதிலும் கவனம் தேவை. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெற்ற பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2020இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிகிச்சைக் காலத்தில் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகளை உண்டவர்களிடம் நோய் திரும்பும் போக்கு மிகுதியாகக் காணப்பட்டது. மாத்திரைதான் காரணம் என்று அவ்வாய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும் மருத்துவருக்குத் தெரிவிக்காமல் எதையும் உண்ணலாகாது என்பதற்கு இதுவே போதும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சத்துணவாக விற்கப்படும் மாத்திரைகளின் அட்டையில், அது மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற அறிவிப்பு இருக்கவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அட்டையில் அவ்வாறு அச்சிட்டுவிட்டு, வாயால் வேறுவிதமாகச் சொல்பவர் இரண்டில் ஒன்றில் பொய்யுரைக்கிறார்.

உண்மையான பயன் எங்கே?

அப்படியாயின் இந்த ஆய்வெல்லாம் வீணா? இல்லை. உணவைக் கெடாமல் காப்பதில்தான் இச்சத்துகளின் உறுதியான பயன் இருக்கிறது. பிஸ்கட், எண்ணெய், பொரித்த பண்டங்களின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 319, 320, 321 என்ற எண்கள் இருந்தால், சிக்கு வாடை வராதிருக்கச் செயற்கைத் தடுப்பான் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். 300 என்பது வைட்டமின் சி. செயற்கைப் பொருள்களின் இடத்தில் இயற்கையானவற்றை வைக்கும் முயற்சி உலகெங்கும் நடக்கிறது. மாதுளைத் தோலின் சாற்றைக் கோழியிறைச்சிப் பண்டத்தில் சேர்த்துப் பார்த்த இந்திய ஆய்வாளர்கள், கொழுப்புக் கெடாமல் காப்பதில் அது செயற்கைப் பொருளுக்குக் குறைந்ததன்று என 2008இல் அறிவித்தார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கு மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பல உள்ளன. மாம்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தோலும் கொட்டையுமாகவே கழிகின்றன. குவிந்து அழுகினால் துர்நாற்றமும் ஈக்களும்தான் மிச்சம். அத்தோலிலிருந்து சத்தையும், கொட்டையின் பருப்பிலிருந்து கொழுப்பையும் எடுக்கலாம். சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக ஓரளவுக்குச் சேர்க்க ஐரோப்பிய நாடுகள் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளுள் மாம்பருப்புக் கொழுப்பும் ஒன்று. விளைச்சல் மிகுந்து விலை சரியும் ஆண்டுகளில் கண்ணீர் வடிக்கும் மா விவசாயிக்கும், இக்கழிவின் வருவாயில் ஒரு பங்கு சேருமாயின், அறுவடை நாளின் உரிமை என்று திருமறை நினைவூட்டும் நீதியின் திசையில் நாம் ஓரடி வைத்தவர்களாவோம். வேதியியல் கற்ற நம் பிள்ளைகளும், தொழில் தொடங்க விரும்பும் நம் செல்வந்தர்களும் இதனைச் சிந்திக்கவேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பழத்தைப் பழமாகவே உண்ணுங்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சையோடு சர்பத்தை நிறைத்துக் கொள்வதைவிட ஒரு கொய்யாவையோ, சில மாதுளை முத்துகளையோ சேர்த்துக்கொள்வது மேல். தோலோடு தின்னக்கூடிய கொய்யா, திராட்சை போன்றவற்றை நன்கு கழுவித் தோலோடு தின்னுங்கள். நெல்லிக்காயைத் தேனூறலாக்கித் தின்பதைவிடப் பச்சையாகவோ, உப்பிட்டு உலர்த்தியோ உண்டால் சர்க்கரை மிகாது. மாதுளை ஓட்டையும் மங்குஸ்தான் ஓட்டையும் காய்ச்சி அளவின்றிக் குடிக்காதீர்கள். பழைய வைத்தியத்திலும் அது நோய்க்கு ஓரிரு வேளை கொடுத்ததே அன்றி, அன்றாடப் பானமாக இருந்ததில்லை. உண்ண முடியாத தோலைத் தோட்டத்து மண்ணுக்கு எருவாக்குங்கள். அதுவும் வீண்விரயத்தைத் தவிர்ப்பதே. சத்து மாத்திரைக்கு மாதந்தோறும் செலவிடும் தொகையில் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் பழம் வாங்கலாம். ஒரு பங்கை அண்டை வீட்டு ஏழைப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியே இருக்கின்றான் என்பது நபிமொழியின் கருத்து. அம்மருந்தைத் தேடுவது அறிஞர்களின் கடமை. தேடிக் கண்டதாகச் சொல்வோரிடம் சான்று கேட்பது நம் கடமை. அவனுடைய அருட்கொடைகளை அறிந்து உண்ணவும், உரியவர்க்குக் கொடுக்கவும், வீணாக்காதிருக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.